ஐயமெனில் இல்லை: கெர்னல் தெரிவுகளும் இன்மை பற்றிய அறிவும்

உள்ள ஒன்றை உள்ளது என்று அறிவதைக் காட்டிலும் இல்லாத ஒன்றை இல்லை என்று அறிவது கடினம் என்பதைத் தருக்க நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தனர். காணப்படாமை மட்டுமே இன்மைக்குச் சான்றாகுமா, ஆகுமெனில் எந்த நிலையில் ஆகும், ஐயம் தீராத இடத்தில் 'இல்லை' என்று முடிவுகட்டும் உரிமை எவருக்கு உண்டு என்னும் வினாக்கள் நியாயத்திலும் மீமாஞ்சையிலும் பௌத்தத் தருக்கத்திலும், தமிழில் சைவ சித்தாந்த அளவை இயலிலும் விரிவாக ஆராயப்பட்டவை. கணினி இயங்குதளத்தின் உட்கருவைப் பல்வேறு வன்பொருள்களுக்கு ஏற்ப வடிவமைப்போர் இவ்வினாக்களுக்கே, தத்துவம் பேசுகிறோம் என்ற நினைப்பு சிறிதும் இல்லாமல், அன்றாடம் விடை எழுதிக்கொண்டிருக்கின்றனர். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலோ இவ்வினாக்கள் அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வையே தீர்மானித்தன. ஒன்றன் துணைகொண்டு மற்றொன்றைத் தெளிவாகப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

உட்கரு அல்லது கெர்னல் என்பது, கணினி விழித்த கணம் முதல் நினைவகத்தில் தங்கியிருந்து, செயலிகளுக்கு நேரத்தையும் இடத்தையும் பகிர்ந்தளித்து, திரை, வட்டு, வலையமைப்பு முதலிய கருவிகள் அனைத்தோடும் பேசுகின்ற அடிப்படை நிரலாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இன்டெல் 386 கணினி ஒன்றில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று உலகின் மீத்திறன் கணினிகளிலும், வீட்டு ரூட்டர்களிலும், பதுளையிலிருந்து பசறைக்குப் பேருந்தில் செல்பவரின் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இயங்குகிறது. மூலநிரல் ஒன்றே ஆயினும் ஒவ்வொரு பொறிக்கும் வேண்டிய பகுதிகள் வெவ்வேறாதலால், எப்பகுதி சேரவேண்டும், எது விடப்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டு அதனுள் உள்ளன. 2002 முதல் இத்தெரிவுகள் கேகான்ஃபிக் என்னும் சிறு மொழியில் எழுதப்படுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆம் அல்லது இல்லை என்னும் இரு விடைகளே உண்டு. பலவற்றுக்கு 'மாட்யூல்' என்னும் மூன்றாவது விடையும் உண்டு, அதாவது அப்பகுதி உட்கருவோடு பிணைக்கப்படாமல் தனிக் கோப்பாகச் செய்துவைக்கப்பட்டு, தேவை எழும்போது ஏற்றப்படும்.

இத்தெரிவுகளைக் காட்டும் நீலப் பின்னணித் திரையில் ஒவ்வொரு வரியின் முன்னும் ஓர் அடைப்புக்குறி நிற்கிறது. உள்ளே உடுக்குறி இருந்தால் ஆம், 'எம்' என்ற எழுத்து இருந்தால் மாட்யூல், வெறுமையாக இருந்தால் இல்லை. உதவி விசையை அழுத்தினால் அத்தெரிவு பற்றிய விளக்கம் தோன்றும். அவ்விளக்கங்களுள் மிகப் பலவற்றின் இறுதி வரி, ஐயம் இருந்தால் 'இல்லை' என்று சொல்லுமாறு படிப்பவருக்கு அறிவுறுத்துகிறது. இது தனித்தனி எழுத்தாளரின் பழக்கம் மட்டும் அன்று. புதிதாகச் சேரும் தெரிவுகளின் இயல்புநிலை, அதாவது எவரும் எதுவும் சொல்லாதபோது தானே எடுத்துக்கொள்ளப்படும் விடை, 'இல்லை' என்றே இருக்கவேண்டும் என்பது கெர்னலின் சொந்த ஆவணத்தில் எழுதப்பட்ட பொதுவிதி. உட்கரு வீணாகப் பருத்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

கெர்னலை ஆன்மாவாகவும் வன்பொருளைத் தனு, கரணம் என்னும் உடலாகவும் கருவியாகவும் கொண்டு, சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் இயல்பை இதில் காட்டிவிடலாம் என்ற கவர்ச்சி சைவ நூல் பயின்றவருக்கு எழக்கூடும். அந்த ஒப்புமை அழகியது. எனினும் அதனால் எதுவும் விளங்குவதில்லை, ஏனெனில் கெர்னலுக்கு அறிவும் இல்லை, வினையும் இல்லை. பயன்தரும் ஒப்புமை வேறிடத்தில், அறியும் முறைகளில், உள்ளது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவைத் தரும் வழிகளாகிய அளவைகள் பத்து எனப் பிறர் கூறுவதை எடுத்துக்காட்டி, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்கிறது. காட்சி நேரே காண்பது. கருதல் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உய்த்துணர்வது. உரை, அறிந்தவரும் உள்ளதை உள்ளவாறு சொல்பவருமாகிய ஒருவரின் சொல். தான் எந்தப் பொறியில் விழித்தோம் என்பதை அறியாமலே ஒவ்வொரு முறையும் விழிக்கின்ற கெர்னலுக்கும் இம்மூன்று வழிகளே உள்ளன என்பதைச் சற்று அருகில் சென்று பார்த்தால் காணலாம்.

மேசைக் கணினிகளில் உள்ள பிசிஐ என்னும் இணைப்புப் பாதை காட்சிக்கு இடமளிப்பது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் வரையறுத்த ஓர் இடம் உண்டு. கெர்னல் அவ்விடத்தைப் படித்தால், அங்குள்ள கருவி தன்னை ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் வகையின் எண்ணையும் தருகிறது. கருவி இல்லாத இடத்தைப் படித்தால் எல்லா இருமங்களும் ஒன்றாக அமைந்த ஓர் எண் திரும்புகிறது. அந்த எண் எந்த நிறுவனத்துக்கும் வழங்கப்படாதது. ஆகவே இங்கு இன்மையும் ஒரு விடையாகவே வருகிறது. மீமாஞ்சையாருள் குமாரிலர் வழியினர் இதனைத் தகுதியுடைய காணாமை என்பர்: பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலை அமைந்தால் மட்டுமே காணாமை இன்மையை நிறுவும். வெளிச்சமுள்ள அறையின் வெறுந்தரையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் நின்று அவ்வாறு சொல்வதற்கு அவருக்கு உரிமை இல்லை. பௌத்தராகிய தருமகீர்த்தியும் இவ்வேறுபாட்டை ஏற்று, காணத்தக்கதல்லாத ஒன்றைக் காணாமையால் விளைவது ஐயமே அன்றி இன்மையறிவு அன்று என்றார். காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்டு கடவுளும் மறுபிறப்பும் காணப்படாமையால் இல்லை என்ற உலகாயதரைச் சித்தியாரின் பரபக்கம் முதலில் எடுத்துக்கொண்டு மறுப்பதற்கும் அடிப்படை இதுவே. கடவுள் உண்டு என்று இவ்வாதம் நிறுவிவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். காணாமையைக் காட்டி இல்லை என்று நிறுவமுடியாது என்பது மட்டுமே அதனால் தெளிவாகிறது. ஊவாவின் தென்கோடியில் உள்ள கதிர்காமத்தில் கருவறை திரைக்குப் பின்னால் மறைந்திருக்க, விழாவின்போது யானைமீது எடுத்துச் செல்லப்படும் பேழையினுள் இருப்பதை எவரும் காணாமலே இந்துக்களும் பௌத்தர்களும் வணங்கி வருவது, இந்த வாதத்தைப் படித்ததனால் அன்று.

கைபேசிகளிலும் சிறு கருவிகளிலும் உள்ள ஆர்ம் வகைச் சில்லுகளில் நிலைமை வேறு. அவற்றின் உள்ளுறுப்புகள் பல தாம் யார் என்று தாமாகச் சொல்லும் ஆற்றல் அற்றவை. ஐ2சி என்னும் இரு கம்பிப் பாதையில் வெப்பமானி, மணிகாட்டி போன்ற சிறு கருவிகள் ஆளுக்கோர் எண்ணுடன் தொங்குகின்றன. விடை வருவதையும் வராமையையும் கொண்டு உய்த்துணரும் கருதலுக்கு இணையாக, அப்பாதையைத் துழாவும் கட்டளை ஒன்று உண்டு, அது ஒவ்வோர் எண்ணையும் கூப்பிட்டுப் பார்த்து, விடை வந்த இடத்தில் எண்ணையும் வராத இடத்தில் இரண்டு சிறு கோடுகளையும் கொண்ட ஓர் அட்டவணையைத் தருகிறது. அக்கோடுகள் இன்மையைக் குறிப்பன அல்ல. கருவி அங்கே இருந்தும் மின்சாரம் பெறாதிருக்கலாம், உறக்கத்தில் இருக்கலாம், இடையில் உள்ள ஒரு சுவிட்ச் வேறு பக்கம் திருப்பப்பட்டிருக்கலாம். கூப்பிட்டுப் பார்ப்பதே தீங்காவதும் உண்டு: ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளின் சில மாதிரிகளில், உணரிகளைத் தேடும் நிரல் இவ்வாறு துழாவியதால் நினைவுச் சில்லின் உள்ளடக்கம் சிதைந்து கணினியே முடங்கியது. விடை சொல்லமுடியாத ஒருவரை விடாது வினவுவதால் வரும் கேடும் கருதல் அளவையின் குறைபாடுகளுள் ஒன்றாகக் கூறத்தக்கது.

எனவே எஞ்சுவது உரை. தொடக்கத்தில் ஆர்ம் பலகை ஒவ்வொன்றுக்கும் அதன் உறுப்புகளை விவரிக்கும் தனித்தனிக் கோப்பு கெர்னலின் உள்ளேயே எழுதப்பட்டது. பலகைகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, ஒன்றற்காகச் செய்த கெர்னல் மற்றொன்றில் எழும்பாத நிலை வந்ததோடு, ஒரே செய்தி சிறு மாற்றத்துடன் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுக் குவிந்தது. 2011இல் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுஞ்சொற்களால் சாடினார். அதன் பின்னர், பவர்பிசி கணினிகளில் முன்பே வழங்கிய 'டிவைஸ் ட்ரீ' என்னும் முறை ஆர்ம் உலகிலும் பரவலாக ஏற்கப்பட்டது: ஒரு பலகையில் எந்தக் கருவி எந்த முகவரியில், எந்தக் கம்பியில் உள்ளது என்னும் விவரம் கெர்னலிலிருந்து பிரிக்கப்பட்டு, கிளைவிடும் தனிக் கோப்பாகப் பலகையோடு சேர்ந்தது, கெர்னல் விழிக்கும்போது அக்கோப்பு அதன் கையில் கொடுக்கப்படும். 2012 டிசெம்பரில் வெளிவந்த 3.7ஆம் பதிப்பிலிருந்து, பல வகை ஆர்ம் பலகைகளில் ஒரே கெர்னல் இயங்குவது இயல்வதாயிற்று. வேறுபாடுகளை அழித்துப் பொதுமை எய்தப்படவில்லை. ஒவ்வோர் இடத்தின் சிறப்பையும் அவ்விடத்துக்கு உரியவரே சொல்லும்படி விட்டபோதுதான் பொதுவான ஒன்று அமைந்தது.

ஊவாவின் மலைச்சரிவு ஒன்றில் இது எவ்வாறு இருக்கும் என்பதை மழைமானி ஒன்றைக் கொண்டு விளக்கலாம். தானியங்கி மழைமானியின் புனலுக்குக் கீழே இரு குழிகள் கொண்ட சிறு வாளி ஒன்று அச்சில் சமநிலையாக நிற்கிறது; ஒரு குழியில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் நிரம்பியதும் வாளி சாய்ந்து அதனைக் கொட்ட, மறுகுழி புனலின் கீழ் வருகிறது. சாயும்தோறும் வாளியோடு ஒட்டிய காந்தம் ஒரு சுவிட்சைக் கணநேரம் மூடித் திறக்கிறது. சூரியத் தகட்டில் ஓடும் ஒரு சிறு லினக்ஸ் பலகையோடு இதனை இணைத்தால், கெர்னலுக்குத் தெரிவது ஒரு பின்னில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது மட்டுமே. மறுமுனையில் மழைமானி இருக்கிறதா, கதவுமணி இருக்கிறதா, எதுவுமே இல்லையா என்பதை எந்தக் காட்சியும் கருதலும் அதற்குச் சொல்லமாட்டா. டிவைஸ் ட்ரீயில் எழுதப்பட்ட ஒரு வரியே சொல்லும். அதன் பின்னும் ஓர் ஐயம் நீங்காது: துடிப்பு வராதிருப்பது மழை பெய்யாமையாலா, கம்பி அறுந்தமையாலா? ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீச, ஊவாத் தேயிலையின் தனிமணம் கொழுந்தில் ஏறும் மாதங்களில் இந்த மௌனம் இயல்பானது. ஒக்டோபர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை ஓயும்வரை அதே மௌனம் அச்சத்துக்குரியது. எந்த இடத்தில், எந்தக் காலத்தில் காணாமை இன்மையாகும் என்பதைக் கொழும்பில் அமர்ந்து தெரிவுகளைக் குறிப்பவர் அறிவதைவிட, அச்சரிவில் லயம் எனப்படும் தோட்ட வரிசைக் குடியிருப்பில் வாழ்பவர் நன்கறிவார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, அச்சரிவு ஆபத்தானது என்னும் எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே வழங்கப்பட்டிருந்தது. அளவைகளுள் உரை அங்கு இல்லாமற்போகவில்லை. அது உரிய செயலாக மாறவில்லை.

ஐயத்துக்குத் தருக்க நூல்கள் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு, மங்கிய ஒளியில் தொலைவில் தெரிவது கட்டையோ மனிதனோ என்பதாகும். ஹப்புத்தளைப் பக்கத்து மூடுபனியில் அதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. இவ்வெடுத்துக்காட்டைக் கையாளும் நூல்கள் இரு பிழைகளையும் ஒரே தட்டில் வைக்கின்றன: கட்டையை மனிதன் என்பதும் திரிபு, மனிதனைக் கட்டை என்பதும் திரிபு. அறிவின் கணக்கில் அவை சமம் ஆகலாம். அறத்தின் கணக்கில் சமம் ஆகமாட்டா, ஏனெனில் முதற் பிழையால் நட்டப்படுபவர் பார்ப்பவர், இரண்டாவதால் நட்டப்படுபவர் பார்க்கப்பட்டவர். ஐயத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை அளவை நூலால் மட்டும் தீர்க்கமுடியாது என்பது இங்கேதான் வெளிப்படுகிறது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஐயத்தில் 'இல்லை' என்னும் பக்கம் சாயும் இந்தச் சாய்வை ஒரு நாட்டின் விதியாக்கியது. அதன்படி, சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரசையாவதற்கு, தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். நிறுவும் சுமை அவருடையது. தோட்ட லயங்களில் பிறந்தோரிடமும் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் எனப்பட்ட ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளரால் அழைத்துவரப்பட்டோரின் மக்களிடமும் தந்தையின் பிறப்புப் பதிவை எதிர்பார்ப்பது, இருட்டறையில் குடத்தைத் தேடிவிட்டு இல்லை என்று தீர்ப்பெழுதுவதாகும். பதிவு செய்யும் ஏற்பாடு முறையாக எட்டாத இடத்தில் பதிவின்மை எதனையும் நிறுவாது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முந்திய இடையறாத வதிவை, மணமானோர்க்கு ஏழாண்டும் மணமாகாதோர்க்குப் பத்தாண்டும் என வரையறுத்து நிறுவக் கேட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டும் ஏற்கப்பட்டவர் ஒரு சிறு பகுதியினரே.

இதில் கெர்னல் வடிவமைப்பாளர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இயல்புநிலை 'இல்லை' என்னும் பொதுவிதியைக் கூறும் அதே ஆவணம் சில விலக்குகளையும் கூறுகிறது. அவற்றுள் முதலாவது, முன்பு எப்போதும் உட்கருவில் அடங்கியிருந்த ஒன்றுக்குப் புதிதாகத் தெரிவு ஒன்று உண்டாக்கப்படுமானால் அதன் இயல்புநிலை 'ஆம்' என்று இருக்கவேண்டும் என்பது. காரணம் வெளிப்படை: நேற்றுவரை இயங்கிய பொறி, உரியவர் எதுவும் செய்யாதிருக்கையில், இன்று இயங்காமற்போவது நியாயமன்று. தோட்டத் தமிழர் 1931ஆம் ஆண்டின் டொனமூர் யாப்பின் கீழ்க் கட்டுப்பாடுகளோடேனும் வாக்குரிமை பெற்றுத் தேர்தல்களில் பங்குகொண்டவர்கள்; 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். ஏற்கெனவே உள்ளடங்கியிருந்த அவர்களுக்குப் புதிய தெரிவு ஒன்றை உண்டாக்கி, அதன் இயல்புநிலையை 'இல்லை' ஆக்கியதே 1948இல் நடந்தது. பொறிகளுக்குக் காட்டப்படும் இந்தச் சிறு மரியாதை மனிதர்க்குக் காட்டப்படவில்லை.

மூன்றாவது விடையாகிய மாட்யூல் இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வாகத் தோன்றலாம்: உறுதியாகச் சொல்ல இயலாதபோது இல்லை என்று தள்ளாமல், வரும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று வைப்பது. புத்தர் சில வினாக்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடையளியாது விட்டமையை நினைவுகூர்வோரும் இருக்கக்கூடும். ஆயினும் அவர் அவ்வினாக்களையே பயனற்றவை என விலக்கினார், மாட்யூலோ வினாவை ஒத்திவைக்கிறது. ஒத்திவைப்பு உண்மையாக இருக்கவேண்டுமெனில் ஒரு நாள் அதனை எழுப்பும் நிகழ்ச்சி ஒன்று வேண்டும். யுஎஸ்பி கருவி செருகப்பட்டதும் தன் பெயரை அறிவிக்கிறது, உரிய மாட்யூல் தானே ஏறுகிறது. தன் பெயரைச் சொல்லமுடியாத கருவிக்குரிய மாட்யூல், டிவைஸ் ட்ரீயில் அதன் பெயர் எழுதப்படாதவரை, வட்டில் கிடந்து துருவேறும். பெயரளவில் அது இருந்தும் பயனளவில் இல்லை. மனிதர் விடயத்திலும் இத்தகைய ஒத்திவைப்பு நிகழ்ந்தது: இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, பிரசாவுரிமை அற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேரைப் பங்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று வைத்தபின், எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் முடிவுசெய்யப்படும் என்று விட்டது. அம்முடிவு 1974இலேயே எட்டப்பட்டு, அவர்கள் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

'இல்லை' என்னும் இயல்புநிலைக்கும் நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. மழைமானிப் பலகையின் சிறு நினைவகத்தில் ஒலியட்டைகளுக்கும் தொலைக்காட்சிக் கருவிகளுக்கும் உரிய பகுதிகளை ஏற்றுவது வீண். வேண்டாத ஒவ்வொரு பகுதியும் தாக்குபவருக்கு ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆம் என்பது கருணையன்று, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. கேட்கவேண்டியது, விடையை மாற்றும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பதே. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணவர் தம் கணினியில் தவறிய தெரிவைத் திருத்திக் கெர்னலை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம், ஒரு பிற்பகல் போகும், அவ்வளவே. பூட்டிய கைபேசியை விலைக்கு வாங்கிய தோட்டத் தொழிலாளிக்கு அத்தெரிவு இருந்தது என்பதே தெரியாது. தவறான 'இல்லை'யைத் தானே மாற்றிக்கொள்ள வல்லவரை நோக்கியே, ஐயமெனில் 'இல்லை' என்னும் அந்த உதவிவரி எழுதப்பட்டது. மாற்ற வகையற்றவர்மேல் அதே வரி விழும்போது அது அறிவுரையாக இல்லாமல் தீர்ப்பாகிவிடுகிறது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியபோது, இயல்புநிலை 'ஆம்' எனத் திருப்பப்பட்டது. எனினும் உரை பற்றிய இடர் அதனோடு தீரவில்லை, ஏனெனில் உரையின் வலிமை உரைப்பவரைப் பொறுத்தது. டிவைஸ் ட்ரீயை எழுதுபவர் பலகையை ஆக்கியவர். அவர் பிழையாக எழுதினால், உள்ள கருவியும் கெர்னலுக்கு இல்லாததே. அதனால்தான், மூலக் கோப்பைத் தொடாமல் அதன்மேல் திருத்தங்களை ஏற்றும் 'ஓவர்லே' என்னும் வழி பின்னர் அமைக்கப்பட்டது. பலகையைக் கையில் வைத்திருப்பவர் அங்குள்ளதைத் தாமே சொல்லலாம். மனிதர்க்கோ அத்தகைய திருத்தம் எளிதன்று. தோட்டத்தில் ஒருவரின் பெயரைச் செக்றோல் என்னும் வேலைநாட் பதிவேட்டில் எழுதியவர் கணக்கப்பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் எழுதியவர் பதிவாளர். அடையாள அட்டையில் எழுதியவர் வேறோர் அலுவலர். மூன்றிலும் மூன்று விதமாக ஒரே பெயர் நிற்க, ஊழியர் சேமலாப நிதியைக் கோரும் நாளில், அம்மூவரும் குறித்தது ஒருவரையே என்று சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானின் கையெழுத்தைப் பெற்றுவர, அப்பெயருக்குரியவர் ஒரு நாட்சம்பளத்தை இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏறவேண்டியுள்ளது.